‘அவுட்’ என்ற ஒரு சொல்

“ரெஜினா, இந்தப் பட்டியல் தலைகீழா இருக்கு.”

டொக்டர் அம்மா இதைச் சொன்னபோது நான் அவருடைய மேசையில் பால் கலக்காத பிளேன்டியை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. மூன்று வாரம் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு அன்று காலைதான் கண்டிக்குத் திரும்பியிருந்தார். பயணப் பையைக்கூட இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லை. வந்ததும் வராததுமாக, “தெரிவான பிள்ளையளின்ர பட்டியலைக் கொண்டு வாரும்” என்று கேட்டிருந்தார்.

அச்சடித்த எழுத்தில் பிழை என்று நினைத்தேன். அகரவரிசையைக் கீழிருந்து மேலாக அடுக்கிவிட்டேனோ என்று தாளை எட்டிப் பார்த்தேன். வரிசை சரியாகத்தான் இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிழை அச்சில் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

நான் வேலை செய்த இடம்

முந்தைய வாரங்களில் இந்தப் பத்தியில் என் தேயிலைத் தொழிற்சாலைக் காலத்தைப் பற்றி எழுதினேன். இது அதற்கு வெகுகாலம் பிந்தியது. அண்மையில் நடந்தது என்றே சொல்லலாம்.

கண்டி வாவிக்கு மேலே, ஏறினால் மூச்சு வாங்கும் ஒரு மேட்டில், வாடகை வீடொன்றில் அந்தப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மலைநாட்டுப் பெண்களுக்குத் தாதி உதவியாளர் பயிற்சி. ஒரு வருடம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். கட்டில் இருபதுதான், ஆகையால் இடமும் இருபதுதான்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு வைத்தியர். யாழ்ப்பாணத்துக்காரர், வாழ்க்கையின் பெரும்பகுதி கண்டியில். எல்லோருக்கும் அவர் டொக்டர் அம்மா. நான் அங்கே எழுதுவினைஞர், தொலைபேசிக்காரி, அலுமாரிச் சாவிக்காரி எல்லாம்.

என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் என் ஆங்கிலம். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் அடிவாங்கிப் படித்த ஆங்கிலம். அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. இதைச் சொல்லாவிட்டால் இனி வருவது புரியாது.

பன்னிரண்டு கோப்பை

அந்தப் பெருமைக்கு ஏற்கெனவே ஒரு தடவை அடி விழுந்திருக்கிறது.

தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், தோட்டத்தை நிர்வகித்த துரை ஒரு துண்டுத் தாளை அனுப்பினார். கூட்டம் ‘கால்ட் ஒஃப்’ என்று அதில் இருந்தது. கூட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். கதிரைகளைத் துடைத்துப் போட்டு, பன்னிரண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றி, பிஸ்கட்டும் அடுக்கிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. கூட்டத்தையே இரத்துச் செய்திருந்தார்கள். பன்னிரண்டு கோப்பையையும் கணக்கப்பிள்ளைமாரும் இயந்திர அறைக்காரர்களும் குடித்தார்கள். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சொல் முழுப்பொருளையும் திருப்பிப் போட்டுவிடும் என்று அன்றைக்கே படித்திருக்க வேண்டும். தேத்தண்ணி வீணாகவில்லை என்பதால் பாடமும் மனதில் நிற்கவில்லை.

அந்த மின்னஞ்சல்

அந்த முறை அறுபத்துநான்கு விண்ணப்பங்கள் வந்திருந்தன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். பெயர், ஊர், கல்வித் தகைமை, கடைசியில் ஒரு நிரல்: இதற்கு முன் வேறெங்காவது பாடநெறி பயின்றிருக்கிறாரா, ஆம் அல்லது இல்லை.

டொக்டர் அம்மா யாழ்ப்பாணத்தில் தன் அக்காவின் கண் சத்திரசிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். அங்கிருந்து ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நான்கே வரி. முன்பே பாடநெறி பயின்றவர்களை முதலில் ‘பில்டர் அவுட்’ செய்யுங்கள், இடத்துக்கு மேல் ஆட்கள் மிஞ்சினால் கல்வித் தகைமையைப் பாருங்கள், கடிதங்களை அனுப்பிவிடுங்கள், நான் வர நாளாகும்.

நான் அந்தச் சொல்லில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் அகராதியைப் பார்த்திருப்பேன்.

பில்டர் என்றால் வடிகட்டு. அவுட் என்றால் வெளியே. வடிகட்டி வெளியே எடு. நாம் தேத்தண்ணியை வடிகட்டி எடுக்கிறோம். எடுத்ததைக் குடிக்கிறோம். இதில் என்ன சந்தேகம்?

கணினியும் என் பக்கம் நின்றது. அதில் பில்டர் என்ற பொத்தானை அமுக்கி ‘ஆம்’ என்று கொடுத்தால் ‘ஆம்’ என்றவர்கள் மட்டும் திரையில் நிற்பார்கள். மற்றவர்கள் மறைந்துபோவார்கள். நின்றவர்கள் இருபத்தொரு பேர். இருபது இடத்துக்கு இருபத்தொரு பேர்! அந்தப் பொருத்தத்தைப் பார்த்ததும் டொக்டர் அம்மா நினைத்தது இதைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஏற்கெனவே பயின்றவர்கள் என்றால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், அதனால் கேட்கிறார் என்று காரணமும் நானே கண்டுபிடித்துக் கொண்டேன். ஒருவரை மட்டும் தகைமை பார்த்துக் கழித்தேன். கழித்தவரையும் காத்திருப்போர் பட்டியலில் போட்டேன்.

மனம் உறுத்தாமல் இல்லை. மடுல்கெல்லயிலிருந்து ஸ்டெல்லா என்ற பெண் விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதமும் இணைத்திருந்தாள். உயர்தரம் சித்தியடைந்து இரண்டு வருடமாக வீட்டில் இருப்பதாகவும், எந்தப் பாடநெறிக்கும் போக வசதி வரவில்லை என்றும், கிடைத்தால் விடமாட்டேன் என்றும் எழுதியிருந்தாள். அவளுடைய பெயரும் ‘இல்லை’ என்ற கூட்டத்தோடு மறைந்தது. பாவம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவளுக்கும் மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் ‘வருந்துகிறோம்’ கடிதம் அடித்தேன். ஆங்கிலத்தில். நிலையத்துக்கு அதுதான் மதிப்பு என்று பட்டது. ஒவ்வொன்றின் கீழும் நானே ஒப்பமிட்டேன்.

“உள்ள வைக்கிறதில்லை”

இனி அந்த மழைக் காலைக்கு வருகிறேன்.

“நான் என்ன எழுதினனான்? மெயிலை எடுத்து வாசியும்” என்றார்.

வாசித்தேன்.

“பில்டர் அவுட் எண்டா என்ன, ரெஜினா?”

“வடிகட்டி எடுக்கிறது, டொக்டர்.”

“எடுத்து?”

நான் அந்த வரியை மறுபடி பார்த்தேன்.

“எடுத்து வெளியில விடுறது. உள்ள வைக்கிறதில்லை.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “ஒரு வாய்ப்பும் கிடைக்காத பிள்ளையளுக்கெண்டுதானே இந்த இடத்தைத் தொடங்கினனாங்கள். நீர் அவையளை எல்லாம் கழிச்சுப்போட்டு மற்றவையை வைச்சிருக்கிறீர்.”

கடிதங்கள் போய் ஆறு நாள். தபால்காரர்கள் இந்நேரம் எல்லா மலையிலும் ஏறி இறங்கியிருப்பார்கள்.

பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி வெயிலைப் பில்டர் அவுட் செய்கிறது. காதில் மாட்டும் கருவி இரைச்சலைப் பில்டர் அவுட் செய்கிறது. எந்த உதாரணத்தில் பார்த்தாலும், அவுட் ஆனது வேண்டாததுதான். குடிக்கும் தேத்தண்ணி அல்ல, வடியில் தங்கும் சக்கை. ஒரு பிள்ளைக்குக்கூடப் புரியும்படி அச்சடித்து வைத்திருந்தார்கள்.

இன்னொரு பொருளும் போட்டிருந்தது. ஒரு செய்தி மெல்ல வெளியே கசிவதற்கும் அதே சொல்தானாம். அதுவும் அன்று மாலைக்குள் நடந்துவிட்டது. சமையல்காரி என் முகத்தைப் பார்க்காமல் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

தொலைபேசி

மறுபடி தேர்வு செய்வதை டொக்டர் அம்மா தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். கழிக்கப்பட்ட நாற்பத்துமூன்று விண்ணப்பங்களையும் மேசையில் பரப்பி, பகல் சாப்பாட்டுக்கும் எழும்பாமல், இருபது பெயர்களைக் குறித்தார். வரும் திங்கட்கிழமை விட்டு அடுத்த திங்கள் வகுப்பு ஆரம்பம்.

“தெரிவெண்டு கடிதம் போனவைக்கு நான் சொல்லட்டோ, நீர் சொல்லுறீரோ?” என்று கேட்டார்.

நானே சொல்கிறேன் என்றேன்.

இரண்டு நாள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கிடைத்தது என்று சந்தோசப்பட்டவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். சிலர் பேசாமல் வைத்துவிட்டார்கள். ஒருத்தியின் அப்பா என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். அது ஒரு வகையில் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அவர்களில் ஒருத்தி, கெலிஓயாவைச் சேர்ந்த ரிஸானா, தொலைபேசியில் கேட்ட மாத்திரத்தில், “நான் வாறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் நேரே வந்து நின்றாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் ஒரு கோப்பு. மருத்துவச் சான்றிதழ், புகைப்படம், பிறப்பத்தாட்சிப் பத்திரம் எல்லாம் அதில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. முன்பு கொழும்பில் முதியோர் பராமரிப்புப் பாடநெறி ஒன்று முடித்தவள். அதற்கேற்ற வேலை கிடைக்காமல் கெலிஓயாவில் ஒரு துணிக்கடையில் நின்றிருக்கிறாள்.

“மிஸ், நான் வேலைய உட்டுட்டேன்” என்றாள். “கடிதம் வந்த அண்டைக்கே மொதலாளிக்கிட்ட சொல்லிட்டேன். உம்மா ஊரெல்லாம் சொல்லி முடிஞ்ச. இப்ப நான் என்னத்த சொல்ற?”

பிழை என்னுடையது, ஒரு சொல்லைத் தவறாக விளங்கிவிட்டேன் என்று சொன்னேன். என்ன சொல் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

“அப்ப நான்தான் அந்த அவுட்டா?” என்றாள்.

அன்றைக்கே அவளோடு பஸ் ஏறிக் கெலிஓயாவுக்குப் போனேன். கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர். தேத்தண்ணிகூடச் சொன்னார். ஆனால் அந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளையை எடுத்துவிட்டார். கம்பளையில் ஒரு மருந்துக்கடையில் ரிஸானாவுக்கு வேலை கிடைக்க ஆறு கிழமை ஆனது. அதை அவளே தேடிக்கொண்டாள். புசல்லாவை பஸ்ஸில் எப்போதாவது அவளைக் காண்பேன். பார்ப்பாள், பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மடுல்கெல்ல

புதிய இருபது பேரில் பத்தொன்பது பேரும் தொலைபேசியில் கிடைத்தார்கள். அழுதவர்கள் உண்டு. கேலி செய்கிறேன் என்று நினைத்து வைத்தவர்களும் உண்டு. ஸ்டெல்லாவின் இலக்கம் மட்டும் பாவனையில் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை வத்தேகம, பன்விலை வழியாக பஸ் ஏறினேன். பன்விலைக்கு மேலே வளைவுக்கு வளைவு மூடுபனி. நான் மனதுக்குள் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மன்னிப்பு முதலில், நல்ல செய்தி பிறகு. இறங்கி இருபது நிமிடம் தேயிலைக்குள் நடந்தால் லயம்.

தாய் சவரியம்மா வீட்டில் இருந்தார். முழங்கால் வீங்கி அன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கண்டியிலிருந்து, அந்தப் பயிற்சி நிலையத்திலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க மிஸ், உக்காருங்க. புள்ள இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருக்கும்” என்றவர் உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தார். எங்கள் நிலையத்தின் உறை.

“பத்திரமா வச்சிருக்கேங்க. இந்த வருசம் எடமில்ல, அடுத்த வருசம் கட்டாயம் கூப்புடுறோம்னு எழுதியிருக்கீங்களாமே. புள்ள வாசிச்சுச் சொன்னுச்சு. அதுவரைக்கும் சும்மா இருப்பானேன்னு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கு. போயி மூணு நாளாச்சு.”

கடிதத்தைப் பிரித்தேன். அடுத்த வருடம் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. உங்களைத் தெரிவு செய்ய முடியவில்லை என்பதற்கு வருந்துகிறோம். கீழே என் கையெழுத்து, வால் நீட்டி, அழகாக.

ஒத்திகை பார்த்த பேச்சு முழுக்க மறந்துபோனது. அந்தப் பிள்ளை இதை வாசித்திருக்கிறாள். வாசித்துக்கொண்டே, தாயின் முகத்தைப் பார்த்து, இல்லாத ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். பிறகு பையைக் கட்டியிருக்கிறாள். என் ஆங்கிலம் தாய்க்கு விளங்காது என்பதுதான் அவளுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

“என்னாங்க மிஸ், அப்புடித்தான எழுதியிருக்கு?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இந்த வருடமே இடம் வந்துவிட்டது என்று முடித்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வாய்வரை வந்தது.

“இல்லீங்கம்மா” என்றேன். “வேணாம்னு எழுதியிருக்கு. எழுதுனது நான்தான். உங்க புள்ள மேல ஒரு கொறையும் இல்ல. அதுக்குக் கெடைக்க வேண்டிய எடம். நான் தப்பா வாசிச்சு இந்தக் கடிதாசிய அனுப்பிட்டேன்.”

சவரியம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்தார்.

“அப்ப புள்ள எங்கிட்ட பொய் சொல்லிருச்சு” என்றார். அதை உறைக்குள் வைத்துக்கொண்டே, “போற அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே போச்சுங்க” என்றார்.



பெரட்டுக்களத்தில்

கொழும்பில் வேலை பிடித்துக் கொடுத்தது பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தி. அவளிடம் அந்த வீட்டு இலக்கம் இருந்தது. லயத்தில் சிக்னல் இல்லை. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரை ஏற வேண்டும். வீங்கிய காலோடு சவரியம்மாவும் வந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அந்த வீட்டு அம்மா தொலைபேசியை ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். நான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொல்லி, இடம் இருக்கிறது என்றேன். மறுமுனையில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாள்.

அவள் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியது அல்ல.

“அம்மாகிட்ட லெட்டர வாசிச்சுட்டீங்களா மிஸ்?”

“வாசிச்சேன்.”

“ஏன் வாசிச்சீங்க?”

தொலைபேசியைத் தாயிடம் நீட்டினேன். சவரியம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “சாப்புட்டியா?” என்று கேட்டார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். காற்றில் ஒன்றிரண்டு சொற்கள் வந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு ஆள் கிடைக்கும்வரை நிற்கச் சொல்லிவிட்டார்கள் அந்த வீட்டில். சொன்ன சொல்லை மீறி வரமாட்டேன் என்று ஸ்டெல்லா பிடிவாதமாக இருந்தாள். டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். “கட்டில் வெறுமையா இருக்கட்டும். வேற ஆரையும் போடாதையும்” என்றார்.

வகுப்புகள் தொடங்கின. பத்தொன்பது பேர் காலையில் செபம் சொல்லி, வெள்ளை உடுப்பில் வரிசையாகப் படியேறுவார்கள். ஜன்னலோரக் கட்டிலில் விரிக்காத மெத்தை சுருட்டியபடி கிடந்தது. நான் தினமும் அந்த அறையைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். ஒரு நாளாவது பார்க்காமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

பதினாறு நாள் பிந்தி

ஸ்டெல்லா வந்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து நேரே வந்திருந்தாள். மேடு ஏறிய களைப்பில் முகம் சிவந்திருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். பையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

பதிவுப் படிவத்தை வைத்தேன். இந்த முறை தமிழில் அடித்திருந்தேன். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தாள். எதையோ தேடுபவள் மாதிரி இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகுதான் ஒப்பமிட்டாள். தவறிய பாடக் குறிப்புகளை நான் எழுதி வைத்திருந்தேன். அதை நீட்டியபோது, மற்றப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைத் திருத்துகிறவள் மாதிரிச் சொன்னாள்.

நான் கதிரையிலிருந்து எழுந்தேன். இத்தனை நாள் தொலைபேசியில் எத்தனையோ பேரிடம் சொன்ன சொல்தான். முகத்துக்கு நேரே சொல்வது வேறு.

“என்னை மன்னிச்சிரு ஸ்டெல்லா.”

அவள் படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, பையைத் தோளில் போட்டாள்.

“படிப்பு முடியட்டும் மிஸ்” என்றாள். “அப்பறம் பாப்போம்.”

பயிற்சி முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.